டாக்டர் என்ற பட்டமும் மருந்துச் சீட்டும்

34 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மூன்று ஆண்டுகளாக, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதே அவருக்குப் பெரும்பாடாக இருக்கிறது. அடுப்பை அணைத்தோமா, பூட்டு சரியாக விழுந்ததா என்ற சந்தேகம் விடுவதில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு நிமிடம் நிம்மதி. படியிறங்குவதற்குள் மறுபடியும் அதே சந்தேகம். அடுப்பின் குமிழ்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்; பிறகு, இது இன்று எடுத்த படமா நேற்று எடுத்ததா என்ற சந்தேகம் வந்துவிடும். உடனே கணவரை அழைத்து, "அணைத்துவிட்டேன்தானே?" என்று கேட்பார்.

பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டிருந்த உளவியலாளர் ஒருவரிடம் 8 மாதங்கள் சென்றார். பேசியதில் மனம் லேசானது. சரிபார்க்கும் பழக்கம் குறையவில்லை. மாத்திரை கேட்டபோது, "மருந்து எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்றாராம். அங்கே போனால், 15 நிமிடங்களில் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. குமட்டல் வந்தது, பலன் தெரியவில்லை. 12ஆம் நாள் அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார். கணவரோ, "மருந்து எழுதத் தெரியாதவர் டாக்டர் என்று எப்படிப் போட்டுக்கொள்ளலாம்? போலி என்று புகார் கொடு" என்கிறார். ஆறு மாத இணையவழி ஆலோசனைப் படிப்பு முடித்த உறவினர் ஒருவர், "நானே பேசிச் சரிசெய்கிறேன்" என்று முன்வந்திருக்கிறார். இருவரில் யார் உண்மையில் படித்தவர், புகார் கொடுக்கலாமா, இனி யாரிடம் போவது என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவர். உங்களை 15 நிமிடங்களில் அனுப்பிவைத்தவரின் இனத்தைச் சேர்ந்தவன். ஆகவே அந்த 15 நிமிடங்களைப் பற்றி நான் எழுதும் பகுதியைச் சற்று எச்சரிக்கையோடு படிப்பது நல்லது. இன்னொன்று, நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. நீங்கள் எழுதியிருப்பது எண்ணச் சுழற்சி நோய் என்று நாங்கள் அழைக்கும் ஓ.சி.டி.யை ஒத்திருக்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, அதையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன்.

பட்டத்தைப் பற்றிய குழப்பம்

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. நம் பேச்சில் டாக்டர் என்றால் மருந்து எழுதுகிறவர், ஊசி போடுகிறவர். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு வேறு: லத்தீனில் 'கற்பித்தல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் தகுதி பெற்றவரைக் குறித்த சொல் அது. பட்டத்துக்கு உரிமை கொண்டாடுவதில் அறிஞர்கள்தான் மூத்தவர்கள். மருத்துவர்களாகிய எங்களுக்கு அது பெருமளவு மரியாதையாக வந்து ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் அறுவை மருத்துவர்கள் இன்றும் தங்களை 'மிஸ்டர்' என்றும் 'மிஸ்' என்றும் அழைத்துக்கொள்வதே மரபு. அதற்காக அவர்கள் கையில் கத்தியைக் கொடுக்க யாரும் தயங்குவதில்லை.

ஆகவே உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் டாக்டர் என்று போட்டுக்கொள்வது தன்னளவில் ஏமாற்று அல்ல. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த முனைவர் பட்டம் உளவியலின் எந்தப் பிரிவில் என்பதுதான். நுகர்வோர் நடத்தையிலோ, ஆய்வகத்தில் நினைவாற்றலை அளப்பதிலோ முனைவர் பட்டம் வாங்கியவர் சிறந்த அறிஞராக இருக்கலாம்; நோயாளியின் முன் உட்கார்ந்து சிகிச்சை தரும் பயிற்சி அவருக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவ உளவியல், அதாவது கிளினிக்கல் சைக்காலஜி, உளவியலுக்குள் தனிப் பிரிவு. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய சிகிச்சைக்கூடத்திலிருந்து அதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, அந்தப் பிரிவில் பயில்கிறவர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. அந்தப் பிரிவில் வாங்கிய முனைவர் பட்டத்துக்குப் பின்னால் நோயாளிகளோடு கழித்த ஆண்டுகளும் சேர்ந்தே இருக்கின்றன.

எங்கள் பயிற்சி, அவர்கள் பயிற்சி

மனநல மருத்துவர் முதலில் மருத்துவர். உடலைக் கூறுபோட்டுப் படித்து, பிரசவ வார்டிலும் அறுவை அரங்கிலும் தூக்கமின்றி நின்று, பொது மருத்துவப் பட்டம் வாங்கிய பிறகுதான் மனநலத்துக்கு வருகிறார். இந்தியாவில் நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, அதன்பின் 3 ஆண்டு எம்.டி. அமெரிக்காவில் மருத்துவப் பட்டத்துக்குப் பின் 4 ஆண்டுகள். பிரிட்டனில் அடிப்படைப் பயிற்சி முடிந்தபின் குறைந்தது 6 ஆண்டுகள். இந்த ஆண்டுகளில் பெரும்பகுதி மருத்துவமனை வார்டிலும் அவசரப் பிரிவிலும் கழிகிறது: கடுமையான மனச்சிதைவு, தற்கொலை முயற்சி, போதையிலிருந்து விடுபடும்போது வரும் வலிப்பு, மூளைக்காய்ச்சலால் வந்த குழப்பத்தை மனநோய் என்று நினைத்து உறவினர்கள் அழைத்துவந்த நோயாளி, எல்லாம் அங்கேதான் வரும்.

உளவியலாளரின் பாதை வேறு திசையில் தொடங்குகிறது. இளங்கலையிலிருந்தே கற்றல், நினைவு, குழந்தை வளர்ச்சி, ஆளுமை, புள்ளியியல், ஆய்வு முறை ஆகியவற்றைப் படிக்கிறார். சிகிச்சைக்கு வர வேண்டுமானால் அதன் மேல் தனிப்பயிற்சி வேண்டும். இந்தியாவில் முதுகலைக்குப் பின் மருத்துவ உளவியலில் 2 ஆண்டு எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்துகொள்வதுதான் பலரும் வந்த வழி. பிரிட்டனில் 3 ஆண்டு முனைவர் பயிற்சி. அமெரிக்காவில் முனைவர் பட்டமும், அதற்குள் ஓராண்டு முழுநேர நோயாளிப் பயிற்சியும், பிறகு மாநில உரிமமும். அவர்கள் கற்கும் கைத்தொழில்கள் இரண்டு. ஒன்று அளவீடு: அறிவுத்திறன், நினைவு, கவனம் ஆகியவற்றுக்கான தேர்வுகளை முறைப்படி நடத்தி விளக்குவது. அதில் எங்களில் பெரும்பாலோருக்குத் தேர்ச்சி கிடையாது. எழுதி அனுப்பிவிட்டு அவர்களுடைய அறிக்கைக்குக் காத்திருப்போம். மற்றொன்று உளசிகிச்சை, அதாவது மருந்தில்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் தரும் சிகிச்சை. அமர்வை ஒலிப்பதிவு செய்து மேற்பார்வையாளர் முன் போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் ஏன் அவருக்குச் சமாதானம் சொன்னாய்?" என்று வரிக்கு வரி கேள்வி வாங்கும் பயிற்சி அது.

எங்களுக்கும் உளசிகிச்சைப் பயிற்சி உண்டு. எண்ணங்களின் போக்கை ஆராய்ந்து மாற்றும் அறிதிறன் சிகிச்சையை (காக்னிட்டிவ் தெரபி) 1960களில் உருவாக்கிய ஆரன் பெக் மனநல மருத்துவர்தான். ஆனால் எவ்வளவு ஆழமாக என்பது நாட்டுக்கு நாடு, ஏன், கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. நான் பயிற்சியில் இருந்தபோது, ஒரு நாள் மருத்துவ உளவியல் மாணவி ஒருவரின் அமர்வில் ஓரமாக உட்கார அனுமதி கிடைத்தது. கை கழுவுவதை நிறுத்த முடியாத ஒரு முதியவர். மாணவி தம் கையைக் கதவின் பிடியில் வைத்தார். அவரையும் வைக்கச் சொன்னார். பிறகு இருவரும் கழுவாமல் நின்றார்கள். அவ்வளவுதான். முதியவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. "பதற்றம் நூறுக்கு எத்தனை?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டதைத் தவிர, மாணவி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. தொண்ணூறில் தொடங்கியது, முக்கால் மணி நேரத்தில் முப்பதுக்கு இறங்கியது. நானாக இருந்திருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே, "பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். சும்மா நிற்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதே புகார் இரண்டு அறைகளில்

உங்கள் கேள்வி, யார் அதிகம் படித்தவர் என்பது. ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது. எதைத் தவறவிடக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அடுப்புக் குமிழின் படத்தைப் பற்றி என்னிடம் சொன்னால், என் மனம் ஓடும் திசை இது: இது உண்மையில் 31 வயதில்தான் தொடங்கியதா, பள்ளி நாட்களிலேயே சிறிய அளவில் இருந்ததா? அதற்குச் சற்று முன் பிரசவமோ தலைக்காயமோ காய்ச்சலோ உண்டா? தைராய்டு எப்படி இருக்கிறது? தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கிய வாரங்கள் எப்போதாவது இருந்தனவா? இருந்திருந்தால், ஓ.சி.டி.க்கு வழக்கமாகத் தரும் மருந்து உங்களை அளவுமீறிய மனவெழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும். கருத்தரிக்கும் திட்டம் உண்டா? மருந்துத் தேர்வு அதைப் பொறுத்தும் மாறும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் ஆபத்து என்பதே எனக்குள் அடித்து இறக்கப்பட்ட பாடம்.

நல்ல மருத்துவ உளவியலாளர் அதே படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வேறு கேள்வி கேட்பார். "பெரிதாக்கும்போது எதைத் தேடுகிறீர்கள்? எதைக் கண்டால் போதும் என்று நிறுத்துவீர்கள்? கணவர் 'ஆம்' என்று சொன்ன பிறகு நிம்மதி எத்தனை நிமிடம் தாங்குகிறது? அவர் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" இந்த விடைகளிலிருந்து, நோயை அன்றாடம் ஊட்டி வளர்ப்பது எது என்று அவர் வரைபடம் போடுவார். படமும் கணவரின் "ஆம்" என்ற சொல்லும் உங்களுக்கு மருந்து போலத் தோன்றினாலும், சந்தேகத்துக்கு அவைதான் தீனி. என் கேள்விகளுக்கு விடை தெரியாமல் மருந்து எழுதுவது தவறு. அவர் கேள்விகளுக்கு விடை தெரியாமல் உளசிகிச்சை நடத்துவதும் அதே அளவு தவறு.

எட்டு மாதமும் பதினைந்து நிமிடமும்

இப்போது உங்கள் இரண்டு குறைகளுக்கு வருகிறேன். மருந்து எழுத முடியாது என்று உளவியலாளர் சொன்னதை நீங்கள் அவருடைய குறையாகக் கருதுகிறீர்கள். அது அவருடைய நேர்மை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002இலும் லூசியானா 2004இலும், மருந்தியலில் கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் மருந்து எழுதச் சட்டம் இயற்றின. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அத்தகைய விதிவிலக்குகளை விட்டால், உலகின் பெரும்பாலான இடங்களில் உளவியலாளர் மருந்து எழுதுவது சட்டத்துக்குப் புறம்பானது. கேட்டவுடன் எழுதிக் கொடுத்திருந்தால்தான் உங்கள் கணவர் கோபப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் வேறொரு கேள்வி இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை. அந்த 8 மாதங்களில் சரிபார்க்கும் பழக்கத்தை நேரடியாகத் தொடும் சிகிச்சை நடந்ததா? ஓ.சி.டி.க்கான உளசிகிச்சைகளில் வலுவான ஆதாரம் இருப்பது, பயப்படும் சூழலை எதிர்கொள்ள வைத்து, சரிபார்க்கும் செயலைத் தடுத்து நிறுத்தும் எதிர்கொள்ளல் சிகிச்சைக்குத்தான். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தது அதைத்தான். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து வெளியிட்டார். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகளில் மாற்றம் தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் மூச்சுப் பயிற்சியும் இளமைக் கால நினைவுகளும் வருகின்றன. பூட்டிய கதவின் முன் நின்று திரும்பிப் பார்க்காமல் நடந்த ஒரு நாள்கூட வரவில்லை. அவர் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வேறு துயரம் முதலில் கவனிக்கப்பட வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் உளவியலாளர் என்ற பெயர்ப் பலகை, இந்தக் குறிப்பிட்ட சிகிச்சையில் தேர்ச்சி உண்டு என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என் இனத்தவருக்கு வருகிறேன். 15 நிமிடம் போதாது. கூட்டம் அதிகம், மருத்துவர்கள் குறைவு என்பது காரணமே தவிர, நியாயமாகாது. மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த நேரம் போதுமாக இருந்திருக்கலாம்; எடுத்துச் சொல்லப் போதவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி. முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல் வரும், பெரும்பாலும் தானாகத் தணியும் என்று சொல்லியிருந்தால் நீங்கள் பயந்திருக்க மாட்டீர்கள். ஓ.சி.டி.யில் இந்த மருந்துகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும், மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதலான அளவும் பல நேரங்களில் தேவைப்படும் என்று சொல்லியிருந்தால், 12 நாட்களில் பலனில்லை என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். அந்த மருந்தை நீங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவே இல்லை. அதற்காக மிச்சமிருக்கும் மாத்திரைகளை நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

புகார் கொடுக்கலாமா?

கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் எதன் மேல் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டாலோ, இல்லாத பட்டத்தைப் போட்டிருந்தாலோ, ரகசியத்தை வெளியே சொன்னாலோ, எல்லைமீறி நடந்துகொண்டாலோ, அவரைப் பதிவு செய்திருக்கும் அமைப்பிடம் எழுதுவது நியாயம். சிகிச்சை பலன் தரவில்லை என்பது மட்டும் முறைகேடாகாது. முதலில் அவரிடமே மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பிரிவில் பட்டம், எந்த அமைப்பில் பதிவு, உங்களுக்கு என்ன சிகிச்சைத் திட்டம் வகுத்திருந்தார். சிகிச்சைச் சுருக்கத்தையும் கேட்டுப் பெறலாம். நேர்மையானவர் தயங்காமல் தருவார். மழுப்பினால் அதுவே ஒரு விடை.

பட்டப்பெயருக்கு எல்லா நாட்டிலும் ஒரே காவல் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் பதிவு இல்லாதவர் உளவியலாளர் என்றே சொல்லிக்கொள்ள முடியாது. பிரிட்டனிலோ மருத்துவ உளவியலாளர் என்ற பெயருக்குச் சட்டக் காவல் உண்டு. வெறும் உளவியலாளர் என்பதற்குக் கிடையாது. ஆலோசகர், கவுன்சலர் என்ற பெயர்களைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

உறவினரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதப் படிப்பு ஒருவரைப் பொறுமையாகக் கேட்கப் பழக்கலாம், அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் உறவினருக்கு உறவினரே சிகிச்சையாளராவதை எந்த நெறிமுறையும் ஏற்பதில்லை. போதாக்குறைக்கு, அன்பால் அவர் உங்களுக்குச் சமாதானம் சொல்லத் தொடங்குவார். அதைச் சொல்ல ஏற்கெனவே உங்கள் கணவர் இருக்கிறார்.

இனி யாரிடம் போவது?

உங்கள் நிலையில் இருவரும் வேண்டும் என்பது என் கருத்து. லேசான ஓ.சி.டி.க்கு உளசிகிச்சை மட்டுமே போதுமாக இருக்கலாம். வீட்டைவிட்டுக் கிளம்பவே ஒரு மணி நேரம் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை லேசானது என்று சொல்ல மாட்டேன். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், அதே மருத்துவராக இருந்தாலும் சரி. "கடந்த முறை கேட்க நேரம் கிடைக்கவில்லை, இந்த முறை கூடுதல் நேரம் வேண்டும்" என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். அவர் உடல் காரணங்களைப் பார்த்து, மருந்தைப் பற்றி உங்களோடு சேர்ந்து முடிவெடுக்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கூடவே ஒரு மருத்துவ உளவியலாளரைத் தேடுங்கள். முதல் அமர்விலேயே, "ஓ.சி.டி.க்கு எதிர்கொள்ளல் சிகிச்சை செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லும் தூதராக நீங்களே அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "சில நாள் தூங்கி எழாமலே போய்விட்டால் தேவலை என்று இருக்கிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி. அதை நான் போகிறபோக்கில் படிக்கவில்லை. ஓ.சி.டி.யோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது சாதாரணம். அதற்குச் சிகிச்சை உண்டு. இந்த வரியை அப்படியே மருத்துவரிடம், முதல் வாக்கியமாக, சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக அது மாறினால் முன்பதிவுக்குக் காத்திராமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போங்கள். கணவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை ஒரு சிறு வேலை. ஒரு வாரத்துக்கு, எத்தனை முறை சரிபார்த்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, கணவரை எத்தனை முறை அழைத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். பழக்கத்தை இப்போதே மாற்ற முயல வேண்டாம், குறித்தால் போதும். குறித்தது சரியா என்று சரிபார்க்கவும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, இருவரிடமும் ஒவ்வொன்று கொடுங்கள்.